ராணுவத் தட்டுகளை விட்டுவிட்டீர்களே

பழைய அமெரிக்க வானொலி நாடகங்களைக் காப்பாற்றியது சேகரிப்பாளர்கள்தான் என்கிறது கட்டுரை. சரி, ஆனால் அந்தப் புண்ணியத்தில் ராணுவத்துக்கும் பங்கு உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது வெளிநாட்டில் இருந்த வீரர்களுக்காக இந்த நாடகங்களை, விளம்பரங்களை வெட்டிவிட்டு, இசைத்தட்டில் பதித்து அனுப்பினார்கள், அப்படித் தப்பிய தட்டுகளில் இருந்துதான் இன்று பல நாடகங்களைக் கேட்கிறோம். வானொலிக்காரர்கள் எடுத்த பதிவுகளோ, போர்க்கால அலுமினியத் தட்டுப்பாட்டால் கண்ணாடி மேல் லாக்கர் (lacquer) என்ற மெருகைப் பூசிய தட்டுகளில். கை தவறினால் போச்சு.

புதிதாகக் கேட்பவர்கள் 'சஸ்பென்ஸ்' தொடரில் 1943இல் ஆக்னஸ் மூர்ஹெட் நடித்த 'சாரி, ராங் நம்பர்' கேளுங்கள். படுக்கையில் ஒரு பெண், பக்கத்தில் டெலிபோன், அவ்வளவுதான், ஆனால் குலை நடுங்கும். அப்புறம், இரைச்சலை நீக்குகிறேன் பேர்வழி என்று குரலையே மழுங்கடித்துப் பதிவேற்றுகிறார்கள் சிலர், அதற்குக் கரகரப்பே தேவலை.