ஜூன் 16 விடிந்தாலே வயிற்றெரிச்சல்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஜூன் 16 விடிந்தால் போதும், கைப்பேசியில் கோயில் குழு, தாமான் (குடியிருப்பு) குழு, பழைய மாணவர் குழு எதைத் திறந்தாலும் ஒரே பட்டியல். மேலே ரோஜாப்பூ, நடுவில் “வரலாற்றில் இன்று”, கீழே பத்து வரி. 1963-இல் வாலண்டினா தெரஷ்கோவா விண்வெளிக்குப் போனார். 1976-இல் சொவேட்டோ மாணவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். யாரோ ஒரு வெள்ளைக்கார நடிகருக்குப் பிறந்தநாள். கடைசியில் இடம் மிச்சமிருந்தால் மட்டும், “1948: மலாயா முழுவதும் அவசரகாலம்.”

அடப்பாவிகளா, கம்யூனிஸ்டுகளை ஒடுக்க பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த அந்த அவசரகாலம் இந்த ஊரில் தொடங்கிய விவகாரம்! ஊர்ப் பெயர் இல்லை, தோட்டத்துப் பெயர் இல்லை. போதாக்குறைக்குத் தேதியும் தப்பு.

1948 ஜூன் 16 ஒரு புதன்கிழமை. காலை எட்டரை மணிவாக்கில் எல்பில் ரப்பர் தோட்டத்து ஆபீசில் பெரிய துரை (நிர்வாகி) ஆர்தர் வாக்கர் சுட்டுக் கொல்லப்பட்டார். கொஞ்ச நேரத்தில், சில மைல் தள்ளி பின் சூன் தோட்டத்தில் ஜான் அலிசனும் அவருடைய சின்னத் துரை இயன் கிறிஸ்டியனும். அவசரகாலம் முதலில் வந்தது பேராக், ஜோகூர் பக்கம் மட்டும். மலாயா முழுவதற்கும் அறிவித்தது ஜூன் 18-இல். முடித்தது 1960 ஜூலை 31-இல்.

“ரெண்டு நாள் வித்தியாசம்தானே, விடுங்க சார்” என்று பதில் வரும். எப்படி விடுவது? 16 கொலை விழுந்த நாள், 18 உத்தரவு நாடு முழுக்கப் பாய்ந்த நாள். அந்த இரண்டு நாளில் அதிகாரிகள் என்ன செய்தார்கள், எந்த நெருக்குதலில் முழு நாட்டுக்கும் நீட்டினார்கள் என்பதுதான் படிக்க வேண்டிய பாடமே. ஒரே வரியில் அமுக்கினால் அது காணாமல் போகிறது.

17 என்று போடுகிற ஒரு கூட்டமும் உண்டு. அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க ரொம்பக் கஷ்டப்பட வேண்டாம். அன்று காலை நடந்ததை மறுநாள் பேப்பர்தான் அச்சடிக்கும். பேப்பரின் தலையில் இருக்கும் தேதியை எடுத்துச் சம்பவத்துக்கு மாட்டிவிடுகிறார்கள். பழைய நாளிதழைப் பார்க்கிறவர் செய்தியின் முதல் வரியில் “நேற்று” இருக்கிறதா, “நேற்றிரவு” இருக்கிறதா என்று பார்க்காமல் தேதி எழுதவே கூடாது. மாதம் இருமுறை வரும் இதழ் என்றால் இன்னும் மோசம், பத்து நாள்கூடப் பிசகும்.

இனி அதிசயப் பிரியர்கள். துன் வீ. தி. சம்பந்தன் பிறந்தது 1919 ஜூன் 16, அதுவும் இதே சுங்கை சிப்புட்டில். துரைமார் சுடப்பட்ட அன்று அவருக்கு 29 வயது நிறைகிறது. இது கிடைத்தவுடன் எண் கணிதக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள்: ஒன்றும் ஆறும் ஏழு, கேதுவின் எண், அதனால்தான் என்று. ஐயா, வருடத்துக்கு 365 நாள்தான். பத்தாயிரம் சம்பவங்களைக் கொட்டினால் ஒரு தேதிக்குச் சராசரி 27 விழும். ஒரு வகுப்பில் 23 பேர் இருந்தாலே இருவருக்கு ஒரே பிறந்தநாள் அமைய ஐம்பது விழுக்காட்டுக்கு மேல் வாய்ப்பு. இதில் கேதுவுக்கு என்ன வேலை? 1955 முதல் 1973 வரை இந்தியர் கட்சியான ம.இ.கா.வை நடத்தியவர், ரப்பர் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை 1960-இல் எழுப்பியவர். அவரைப் பற்றிச் சொல்ல இவ்வளவு இருக்க, கூட்டிப் பார்த்தால் ஏழு வருகிறதாம்.

ஒரே நாளில் விழாததை இழுத்து ஒட்டுவது அடுத்த அநியாயம். தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதியைக் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிட்டது 1949 மே 4. இன்னொரு தொழிற்சங்கத் தலைவர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டது அதற்கு முந்தின நாள், மே 3. இரண்டு படத்தையும் ஒரே மாலைக்குள் வைத்து மே 4 என்று அனுப்புகிறார்கள். ஒருவர் விசாரணைக்குப் பின் தூக்கில், மற்றவர் துப்பாக்கிச் சூட்டில். சாவும் வேறு, நாளும் வேறு.

கடிகாரக் குழப்பத்தை எத்தனை தடவை சொன்னாலும் ஏறாது. ஜப்பான் ஹவாயில் குண்டு போட்டதையும் மலாயாவில் இறங்கியதையும் “டிசம்பர் 7 பேர்ல் ஹார்பர், மறுநாள் டிசம்பர் 8 கோத்தா பாரு” என்று வருடா வருடம் அனுப்புகிறார்கள். 1941-இல் மலாயா நேரம் கிரீன்விச்சுக்கு ஏழரை மணி முன்னால், ஹவாய் பத்தரை மணி பின்னால். ஆக மொத்தம் 18 மணி நேர வித்தியாசம். ஜப்பான்காரன் கோத்தா பாருவில் இறங்கியது எட்டாம் தேதி நள்ளிரவு தாண்டி அரை மணிக்குள். ஹவாயில் அப்போது ஏழாம் தேதி விடியற்காலை ஆறரைகூட ஆகவில்லை. அங்கே குண்டு விழுந்தது எட்டு மணிக்குச் சற்று முன். அதாவது கோத்தா பாருதான் முதலில், ஒரு மணி நேரத்துக்கும் மேலான இடைவெளியில். இன்றைய கைப்பேசி நேரத்தை வைத்தும் கணக்குப் போடாதீர்கள், நாம் கிரீன்விச்சுக்கு எட்டு மணி முன்னால் என்று மாறியதே 1982 ஜனவரி 1-இல்தான்.

நாள்காட்டி இன்னொரு பள்ளம். ஷேக்ஸ்பியரும் ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டிசும் 1616 ஏப்ரல் 23-இல் ஒன்றாகச் செத்தார்களாம். ஸ்பெயினில் அப்போது கிரிகோரியன் நாள்காட்டி, இங்கிலாந்தில் 1752 வரை பழைய ஜூலியன், நடுவில் பத்து நாள் வித்தியாசம். செர்வாண்டிஸ் போனதும் 22-இல், 23 என்பது அடக்கம் செய்த நாள் என்கிறார்கள். தாத்தாவின் திதிக்கு மட்டும் எந்தப் பஞ்சாங்கம், வாக்கியமா திருக்கணிதமா என்று குருக்களிடம் மல்லுக்கு நிற்கிற அதே ஆள்தான் இதையும் அனுப்புகிறார்!

அனுப்பியே தீருவேன் என்கிறவர்கள் ஒரு சம்பவத்துக்குப் பத்து நிமிடம் செலவழியுங்கள். அது நடந்த நாளா, அறிவித்த நாளா, அமலுக்கு வந்த நாளா என்று முதலில் முடிவு செய்யுங்கள். வருடத்தோடு சேர்த்துக் கிழமையைப் பாருங்கள், 1948 ஜூன் 16-ஐ ஞாயிறு என்று ஒரு பட்டியல் சொன்னால் அதை அப்படியே அழித்துவிடலாம். சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய நாளிதழ்களைப் படமெடுத்து இணையத்தில் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது, தமிழ் முரசும் அதில் உண்டு. தேடும்போது ஊர்ப் பெயரை அந்தக் காலத்து எழுத்துக்கூட்டல்களிலும் போட்டுப் பாருங்கள், ஒன்றில் வராதது மற்றொன்றில் வரும். இரண்டு இடத்தில் தேதி ஒத்துப்போகாவிட்டால் அந்த வரியை எடுத்துவிடுங்கள், பத்து வரி இருந்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

பள்ளி அறிவிப்புப் பலகைக்கு எழுதுகிறவர்களுக்குத் தனியாக: ஜூன் 16-க்கு எல்பில், பின் சூன், துன் சம்பந்தன் மூன்றையும் மேலே எழுதுங்கள். தெரஷ்கோவா கீழே இருக்கட்டும். அவசரகாலத்தை 18-ஆம் தேதி எழுதுங்கள்.