பழைய குகையைப் புது எடிஷனில் நடத்தச் சொல்பவர்களுக்கு

"மான்ஸ்டரோட நம்பரை மட்டும் மாத்திடுங்க, மத்ததெல்லாம் அப்படியே ஓடும்." பழைய டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் சாகசம் ஒன்றைப் புது விதியில் நடத்தலாமா என்று கேட்டால் கிடைக்கும் பதில் இது. நான்கு மாதமாக இதையே கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஓடாது. ஓடவில்லை. சனிக்கிழமை இரவுதோறும் ஐந்து பேரை உட்காரவைத்து நடத்திப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் ஆடும் இந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறவர்களில் 'தி கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்' என்ற சாகசப் புத்தகம் பற்றிக் கேள்விப்படாதவர்கள் குறைவு. கேரி கைகாக்ஸ் எழுதி 1979இல் வந்தது. எல்லையோரத்தில் ஒரு கோட்டை. கொஞ்ச தூரத்தில் ஒரு பள்ளத்தாக்கு, அதன் இரு பக்கமும் மான்ஸ்டர்கள் வாழும் குகைகள். ஒன்றில் கோபால்டுகள், ஒன்றில் கோப்ளின்கள், ஒன்றில் ஓர்க்குகள், இன்னொன்றில் மினோடார், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தீய கோயில். புதியவர்களுக்கான பேசிக் பெட்டிக்குள்ளேயே இதையும் வைத்துக் கொடுத்தார்கள். ஒரு தலைமுறையே இதில்தான் ஆடக் கற்றுக்கொண்டது. ரொம்ப வருடமாக இதை ஒருமுறையாவது முழுதாக நடத்திவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. என் மேசையில் இருப்பவர்களுக்கோ 2014இல் வந்த ஐந்தாம் எடிஷன் விதிகள்தான் பழக்கம். சரி, அதிலேயே நடத்துவோம் என்று இறங்கினேன்.

முதலில் அந்த நம்பர் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். பழைய விதியில் ஓகர் என்ற ராட்சதனுக்குச் சராசரியாக 19 ஹிட் பாயின்ட், அதாவது சாய்வதற்குள் தாங்கும் அடியின் அளவு. ஐந்தாம் எடிஷன் ஓகருக்கு 59. அது தடியால் ஒரு அடி அடித்தால் சராசரி 13. முதல் லெவல் மந்திரவாதி அந்த ஒரே அடியில் சாய்வான். அந்தக் கோயிலுக்குள் சங்கிலியில் கட்டிவைத்த ஒரு மெடூசா இருக்கிறாள். பழைய கணக்கில் அவளுக்கு 4 ஹிட் டைஸ், அதாவது நான்கு பகடை உருட்டி வரும் சுமார் 18 பாயின்ட். புதுப் புத்தகத்திலிருந்து அப்படியே எடுத்து வைத்தால் 127! முதல் மூன்று லெவல்களுக்காக எழுதிய சாகசத்தில் 127. "அப்படியே மாத்திடுங்க" என்கிறவர்கள் ஒருமுறையாவது இரண்டு பக்கத்தையும் எதிரெதிரே வைத்துப் பார்த்திருக்கிறார்களா?

ஆனாலும் இது கணக்குதான். இரண்டு மாலை உட்கார்ந்தால் சரிசெய்துவிடலாம், செய்தேன். மெனக்கெட விரும்பாதவர்களுக்கு 2018இல் குட்மேன் கேம்ஸ் நிறுவனம் போட்ட ஐந்தாம் எடிஷன் வடிவமே இருக்கிறது. என் வயிற்றெரிச்சல் நம்பரைப் பற்றியது அல்ல.

மூன்றாவது செஷன். கோப்ளின் குகை. நுழைந்ததும் ஒரு சண்டை, இரண்டு பேருக்குப் பலத்த அடி. உடனே ஒரு குரல்: "லாங் ரெஸ்ட் போட்டுடலாம்." கோட்டைக்குத் திரும்பினார்கள், எட்டு மணி நேரம் தூங்கினார்கள், எல்லோருக்கும் ஹிட் பாயின்ட் முழுசாக வந்துவிட்டது, மந்திரங்களும் வந்துவிட்டன. அடிபட்ட சுவடே இல்லை. மறுநாள் காலை மறுபடி குகை வாசல்.

1981இல் வந்த பேசிக் விதியில், ஒரு நாள் முழுக்க ஓய்வெடுத்தால் 1 முதல் 3 பாயின்ட் வரை திரும்பும். அவ்வளவுதான். ஆறு பாயின்ட் இழந்தவன் சராசரியாக மூன்று நாள் கோட்டையில் படுத்துக்கிடக்க வேண்டும். அந்த மூன்று நாளும் விடுதிக்காரருக்குக் காசு போகும். குகையில் கோப்ளின்கள் சும்மாவா இருக்கும்? காவலைக் கூட்டும். ஒரு மூட்டைத் தங்கத்தைக் கொடுத்துப் பக்கத்துக் குகை ஓகரைத் துணைக்குக் கூப்பிடும், அந்த ரகசியக் கதவைக்கூட எழுதி வைத்திருக்கிறார் கைகாக்ஸ். கோட்டையில் வங்கி இருக்கிறது, சாப்பாட்டுக் கடை இருக்கிறது, கோயில் இருக்கிறது, நம்பலாமா கூடாதா என்று தெரியாத ஆட்கள் இருக்கிறார்கள், பாதி உண்மையும் பாதி பொய்யுமாக வதந்திகள் இருக்கின்றன. அடிபட்டவன் நாள்கணக்கில் அங்கே கிடந்தால்தான் இதற்கெல்லாம் உயிர் வரும். ஒரே இரவில் எல்லாம் ஆறிப்போனால் அந்தக் கோட்டை ஒரு பாய் தலையணைக்கு மேல் என்ன?

வெளிச்சம். இதைப் பற்றிப் பேசினால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. பழைய விதியில் குகைக்குள் நேரம் பத்துப் பத்து நிமிடமாக ஓடும். ஒரு டார்ச் ஆறு பத்து நிமிடம் எரியும். இரண்டு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஆட்டத்தை நடத்துகிற டஞ்சன் மாஸ்டர் பகடை உருட்டுவார், ஆறில் ஒரு வாய்ப்பு, இருட்டிலிருந்து ஏதாவது வரும். அப்படியானால் ஒரு டார்ச் எரிந்து முடிவதற்குள் மூன்று முறை ஆபத்து. கையில் இன்னும் இரண்டு டார்ச்தான் மிச்சம், இந்தக் கதவைத் திறப்பதா, திரும்பிவிடுவதா? இந்தக் கேள்விதான் முழு விளையாட்டும்! ஐந்தாம் எடிஷனில் லைட் மந்திரத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் போடலாம், செலவே கிடையாது. என் ஐந்து பேரில் மூன்று பேருக்கு இருட்டிலேயே கண் தெரியும். பழைய விதியிலும் குள்ளருக்கும் எல்ஃபுக்கும் இருட்டுப் பார்வை உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கூடவந்த மனிதனுக்கு டார்ச் வேண்டும், அதைப் பிடிக்க ஒரு கை வேண்டும், அந்தக் கையில் கேடயம் இருக்காது. சாப்பாட்டுக் கவலையும் போயிற்று. காட்டில் வளர்ந்தவன் என்ற ஒரு பின்னணியைத் தேர்ந்தெடுத்தால் தினமும் ஆறு பேருக்கு உணவும் தண்ணீரும் தேடிக்கொண்டு வந்துவிடுவான், நிலத்தில் ஏதாவது கிடைத்தால் போதும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் எங்களில் சின்னவன் கேட்டான்: "அண்ணா, இந்தக் குகையில ஏன் இவ்வளவு வெறும் ரூம்? போர் அடிக்குது."

அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வெறும் அறைகள் டார்ச் எரிவதற்காக இருப்பவை. நடக்க நடக்க வெளிச்சம் கரையும், பகடை உருளும், வயிற்றைக் கலக்கும். டார்ச்சை எடுத்துவிட்டால் அவை நிஜமாகவே வெறும் அறைகள்தான். அவனுக்கு நான் காட்ட நினைத்த இடம் அது இல்லை. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்புறம் தங்கம். "மான்ஸ்டரை மாத்தினா போதும்" என்கிறவர்கள் இந்த ஒரு கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும். 1981 விதியில் ஒரு கோப்ளினைக் கொன்றால் 5 எக்ஸ்பி, அதாவது லெவல் ஏற உதவும் அனுபவப் புள்ளி. ஒரு போர்வீரன் இரண்டாம் லெவலுக்குப் போக 2000 எக்ஸ்பி வேண்டும். நான்கு போர்வீரர்கள் சண்டை போட்டே அங்கே போக வேண்டுமென்றால் 1600 கோப்ளின்களைக் கொல்ல வேண்டும். யாரால் முடியும்? அதனால் யாரும் சண்டைக்கு ஆசைப்பட மாட்டார்கள். ஆனால் வெளியே கொண்டுவந்த ஒவ்வொரு தங்கக் காசுக்கும் 1 எக்ஸ்பி உண்டு. ஆகவே பதுங்கு, பேசு, லஞ்சம் கொடு, ஓர்க்கையும் கோப்ளினையும் மோதவிடு, இடையில் புகுந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடு. பத்துக் காசு ஒரு பவுண்டு எடை, அதிகபட்சம் 1600 காசு எடைதான் ஒருவன் சுமக்க முடியும். கழுதை வேண்டும், கூலியாள் வேண்டும், அவனுக்குப் பங்கு பேச வேண்டும். இதிலிருந்துதான் கதை முளைக்கும்.

ஐந்தாம் எடிஷனில் கோப்ளினுக்கு 50 எக்ஸ்பி, இரண்டாம் லெவலுக்கு வேண்டியது 300. நான்கு பேருக்கு 24 கோப்ளின் போதும். தங்கத்துக்கு எக்ஸ்பி கிடையாது. 15 பலம் உள்ளவன் 225 பவுண்டு தூக்குவான், ஐம்பது காசு ஒரு பவுண்டு, ஆக ஒரே ஆள் 11,250 காசைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பான். கண்ணில் பட்டதையெல்லாம் வெட்டச் சொல்லும் விதியை வைத்துக்கொண்டு, வெட்டாமல் பிழைக்கச் சொல்லும் குகைக்குள் என் நண்பர்களை அனுப்பினேன். அவர்கள் விதி சொன்னபடி வெட்டினார்கள். என்ன தப்பு அவர்கள்மேல்?

தாயம் ஆடியவர்களுக்கு நான் சொல்வது சட்டென்று புரியும். கட்டம் அதே, காய் அதே, ஆனால் இனிமேல் வெட்டு கிடையாது என்று விதியை மாற்றிவிட்டு, "கட்டம் அப்படியே இருக்கே, அதே ஆட்டம்தானே" என்று ஒருவர் சொன்னால் பாட்டி அவரைச் சும்மா விடுவாளா?

சரிசெய்யப் பார்க்காமலும் இல்லை. லாங் ரெஸ்டை ஏழு நாளாக்கும் மாற்று விதி ஐந்தாம் எடிஷனின் டஞ்சன் மாஸ்டர் புத்தகத்திலேயே இருக்கிறது, அதைப் போட்டேன். உடனே வேறு இடத்தில் பிய்த்துக்கொண்டது. கவசம்போல் காக்கும் மேஜ் ஆர்மர் மந்திரம் எட்டு மணி நேரம்தான் நிற்கும், போட்ட மந்திரம் திரும்பிவர ஒரு வாரம். மந்திரவாதியாக ஆடுகிற நண்பர், "ஒரு வாரத்துக்கு ரெண்டு மந்திரம்னா நான் எதுக்கு வரணும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவருடைய கேரக்டரை எழுதியவர்கள் தினமும் தூங்கி எழுவான் என்று நினைத்து எழுதியிருக்கிறார்கள். லைட் மந்திரத்தைத் தடை செய்தேன், தங்கத்துக்கு எக்ஸ்பி கொடுத்தேன், 300 என்ற எண்ணை 2000 ஆக்கினேன். ஒவ்வொரு வாரமும் "இன்றிலிருந்து இது கிடையாது" என்று நான் ஒரு காகிதத்தை நீட்டுவதும், அவர்கள் முகம் சுருங்குவதும். ஆசையாக விளையாட வந்தவர்களிடம் ஒவ்வொன்றாகப் பிடுங்குகிறவனாக என்னை ஆக்கிவிட்டது அந்த அறிவுரை.

ஐந்தாம் எடிஷன் மோசம் என்று நான் சொல்லவே இல்லை. அதில் இரண்டு வருடம் எங்கள் சொந்தக் கதையை நடத்தினேன், அழுகையும் சிரிப்புமாக முடித்தோம். நாயகர்களின் கதைக்கு அது அருமையான விதி. இந்தக் குகை நாயகர்களுக்கானது இல்லை. நான்கைந்து ஹிட் பாயின்டோடு, கையில் டார்ச்சோடு, பயத்தோடு உள்ளே போகிற ஆட்களுக்கானது. தயவுசெய்து இனி புதிதாக ஒருவர் வந்து இதை நடத்தலாமா என்று கேட்டால், அந்த ஒற்றை வரியை அவருக்குச் சொல்லாதீர்கள். அவருடைய நான்கு மாதமும் வீணாகும்.

நேற்றிரவு எல்லோருக்கும் செய்தி அனுப்பிவிட்டேன். வரும் சனிக்கிழமை முதல் 1981 விதி. புதுக் கேரக்டர்கள். போர்வீரனுக்கு எட்டு முகப் பகடை ஒன்று, விழுந்ததுதான் ஹிட் பாயின்ட். பூஜ்யம் என்றால் சாவு. மூன்று பேர் சரி என்று எழுதிவிட்டார்கள், சின்னவனும் அதில் ஒருவன். மந்திரவாதி நண்பரும் இன்னொருவரும் படித்துவிட்டார்கள், பதில் இன்னும் வரவில்லை. டார்ச் கணக்கு எழுத ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி மேசையில் வைத்திருக்கிறேன்.