தரங்கிணியில் எஞ்சின் உண்டு, அண்ணாச்சி

மேலே ஒரு அண்ணாச்சி, நம்ம கடற்படையின் பயிற்சிப் பாய்மரக் கப்பலான ஐஎன்எஸ் தரங்கிணியில் எஞ்சினே கிடையாது, காற்று நின்றால் பயிற்சிப் பிள்ளைகள் நடுக்கடலில் காத்துக் கிடக்க வேண்டியதுதான் என்று எழுதியிருக்கிறார். அதை நம்பி, தம்பியைக் கடற்படைக்கு அனுப்பவே யோசிக்கிறோம் என்று கீழே இரண்டு பேர் சொல்லியிருப்பதால் இதை எழுதுகிறேன்.

கோவாவில் கட்டி 1997-ல் கடற்படையில் சேர்ந்த தரங்கிணி மூன்று பாய்மரம் கொண்ட கப்பல்தான். ஆனால் இரண்டு டீசல் எஞ்சினும் உண்டு. பாய் விரிப்பது, மரத்தில் ஏறுவது, காற்றைக் கணிப்பது எல்லாம் பயிற்சிக்காக. காற்று செத்துப்போனாலும், துறைமுகத்துக்குள் நுழையும்போதும் எஞ்சின் ஓடும். நம்ம தூத்துக்குடித் தோணியும் ஒரு காலத்தில் வெறும் பாயை நம்பித்தான் கொழும்புக்குப் போனது. எஞ்சின் வைத்தது பிறகு. அந்தப் பழைய கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தக் குழப்பம் வருவது இயல்புதான், உவரிப் பக்கம் எங்களுக்கே வந்திருக்கிறது.

சரிபார்க்க இணையத்தில் கப்பலின் விவரப் பட்டியலைத் தேடி, உந்துவிசை என்ற இடத்தைப் பாருங்கள். அதற்கும் பொறுமை இல்லையென்றால், அது துறைமுகத்துக்குள் வரும் வீடியோ ஒன்றைப் போடுங்கள். பாய் அத்தனையும் சுருட்டிக் கட்டியிருக்கும், பின்னால் மட்டும் நுரை தள்ளிக்கொண்டு போகும். கச்சான் காற்றா அந்த நுரையைக் கிளப்புகிறது?