முதல் விருப்பம் யாருடையது?

ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) ரிசல்ட் வந்தால் ஒரு வாரத்துக்கு ஃபேஸ்புக் முழுக்க வாழ்த்துப் பதாகைதான். மூன்று ஏ எடுத்த பிள்ளையின் படம் ஒரு மூலையில், கைகூப்பி நிற்கும் அரசியல்வாதியின் படம் நடுவில் அதைவிடப் பெரிதாக. சரி, பிள்ளை கஷ்டப்பட்டுப் படித்தது, கொண்டாடட்டும். எனக்குப் பேச வேண்டியிருப்பது பதாகையைக் கழற்றிய பிறகு வரும் சில வாரங்களைப் பற்றி. பல்கலைக்கழக விண்ணப்பம் போவது அந்த நாட்களில்தான். எங்கள் தேயிலைத் தோட்டப் பக்கத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் அதை எங்கே நிரப்புகிறார்கள் என்றால், டவுன் கொமினிகேஷனில். போட்டோ கொப்பி மெஷினுக்கும் ரீலோட் கார்டுக்கும் நடுவில்.

போன சனிக்கிழமை ஹட்டனில் அப்படியொரு கடைக்கு நானும் போயிருந்தேன், வினாத்தாள் கொப்பி எடுக்க. உள்ளே எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒருத்தி, உயிரியல் பிரிவு, அப்பாவோடு நிற்கிறாள். அப்பா கவ்வாத்து வெட்டுகிறவர், அன்றைய பேரை, அதாவது அன்றைய நாள் கூலியை, விட்டுவிட்டு வந்திருந்தார். கையில் ஒரு சிலிசிலி பை. அதற்குள் பிறப்புச் சான்றிதழ், கிராம சேவகர் கொடுத்த வதிவிடச் சான்று, அதிபரின் கடிதம், எல்லாம் நாலாக மடித்து. கம்ப்யூட்டரில் இருந்த தம்பிக்கு இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயதிருக்கும். கீபோர்டில் விரல் நிற்கவேயில்லை. விண்ணப்பம் யாருடையதோ அவள் பின்னால் நின்று, ஸ்கிரீனை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, முதலாவதா என்ன போட்டிருக்கீங்க?"

"லேசா கிடைக்கிறதத்தான் மிஸ் மேல போட்டிருக்கேன். பெரிய கோர்ஸ மேல போட்டா ஃபர்ஸ்ட் சொய்ஸ் வேஸ்ட்டாயிரும். பொறகு கீழ உள்ளதும் கிடைக்காது."

அப்பா தலையாட்டினார். "தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும் டீச்சர். நாங்க என்னத்தக் கண்டோம்."

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பதினேழு வருசத்துக்கு முன்னால், விண்ணப்பப் படிவம் கைந்நூலோடு கடதாசியாக வந்த காலத்தில், டவுனில் டைப்பிங் கடை வைத்திருந்த ஒரு அண்ணன் எனக்குச் சொன்னதும் இதே வார்த்தைதான். கடதாசி போய் இணையம் வந்துவிட்டது. அந்த வார்த்தை போகவில்லை.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கீழ் 17 பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. திறந்த பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டால், உள்வாரிப் பட்டப்படிப்புக்கு நாடு முழுக்க ஒரே விண்ணப்பம். பேராதனைக்குத் தனியாக, யாழ்ப்பாணத்துக்குத் தனியாக, பதுளை ஊவா வெல்லஸ்ஸவுக்குத் தனியாக என்று எழுத வேண்டியதில்லை. ஒவ்வொரு பாடநெறிக்கும் அதை நடத்தும் பல்கலைக்கழகத்துக்கும் சேர்த்து ஒரு குறியீடு: மூன்று இலக்கம், ஓர் எழுத்து. நமக்கு விருப்பமான குறியீடுகளை விருப்பமான வரிசையில் அடுக்க வேண்டும். மீதியை இசட் புள்ளி பார்த்துக்கொள்ளும். கஷ்டமான பாடம் எடுத்தவனும் லேசான பாடம் எடுத்தவனும் வெறும் மார்க்கை வைத்து மோதக் கூடாது என்பதற்காக, அந்தப் பாடத்தின் சராசரியிலிருந்து நீ எவ்வளவு மேலே கீழே நிற்கிறாய் என்று அளக்கிற கணக்கு அது. 2001இல் இருந்து அனுமதிக்கு அதுதான் அளவுகோல்.

இப்போது அந்த வரிசைக்கு வருவோம். ஹட்டன் ஸ்டாண்டில் கண்டி பஸ்ஸுக்குக் கியூவில் நிற்கிறாய் என்று வை. உன் இடத்தைத் தீர்மானிப்பது உன் இசட் புள்ளி. உன் முறை வரும்போது ஏ.சி. பஸ்ஸில் சீட் இருக்கிறதா என்று முதலில் கேட்கிறாய். இல்லை என்றால் சாதாரண பஸ்ஸைக் கேட்கிறாய். ஏ.சி.யைக் கேட்டாய் என்பதற்காக உன்னைக் கியூவின் கடைசிக்கு யாரும் தள்ளமாட்டார்கள். அவ்வளவுதான் விஷயம். ஆனால் சாதாரண பஸ்ஸை முதலில் கேட்டால்? சீட்டைக் கொடுத்து ஏற்றிவிடுவார்கள். ஏ.சி.யில் சீட் காலியாக இருந்ததா என்று உனக்குக் கடைசிவரை தெரியாது.

எனக்குத் தெரிந்தது, தெரியாமலே இருந்திருக்கலாம். நான் ஆசைப்பட்டது பேராதனையில் பிசியோதெரபி. அம்மா இருபது வருசமாகத் தலையில் கயிறு போட்டுக் கூடை தூக்கியவர், ராத்திரியில் கழுத்தைத் திருப்ப முடியாமல் படுத்திருப்பார். ஆசை அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். அண்ணன் சொன்னபடி அதை மூன்றாவதாகப் போட்டு, 'நிச்சயமா கிடைக்கும்' என்ற விவசாயத்தை முதலாவதாகப் போட்டேன். நிச்சயமாகக் கிடைத்தது. வந்தாறுமூலை, கிழக்குப் பல்கலைக்கழகம். பையைக் கட்டிக்கொண்டு போன பிறகு, நுவரெலியா மாவட்டத்துக்கான வெட்டுப்புள்ளிப் பட்டியலை, அதாவது ஒவ்வொரு பாடநெறிக்கும் கடைசியாக இடம் கிடைத்தவரின் இசட் புள்ளி இருக்கும் பட்டியலை, ஒரு சீனியர் அக்கா காட்டினார். பிசியோதெரபியின் வெட்டுப்புள்ளி என் புள்ளிக்குக் கீழே இருந்தது. விரலை வைத்து வைத்து மூன்று தடவை பார்த்தேன். அக்காவிடம் எதுவும் சொல்லவில்லை. மட்டக்களப்பு வெயிலில் நல்லாத்தான் படித்தேன், நல்ல சிநேகிதிகள் கிடைத்தார்கள், அது வேறு கதை. வீட்டில் இன்றைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. இந்தப் பதிவைப் பார்த்தால் தெரிந்துகொள்வார்கள்.

லண்டனில் இருக்கும் என் சிநேகிதி ஒருத்தியின் மகன் இந்த வருசம் அங்கே விண்ணப்பிக்கிறான். அங்கேயும் யூகாஸ் என்று ஒரே இணையத்தளம்தான். ஐந்து இடங்களைத் தெரிவு செய்யலாம், ஆனால் வரிசைப்படுத்தத் தேவையில்லை. ஒரு பல்கலைக்கழகத்துக்கு மற்ற நான்கும் எவை என்று அந்த நேரத்தில் தெரியாது. யார் யார் இடம் தருகிறோம் என்று சொன்ன பிறகு பிள்ளை உட்கார்ந்து யோசித்து ஒன்றை உறுதியாகவும் இன்னொன்றைக் கைகாவலாகவும் வைத்துக்கொள்கிறது. இங்கே தலைகீழ். எதுவும் கையில் வருவதற்கு முன்பே, எது எதைவிடப் பெரிது என்று நாம் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அந்த முறை நல்லது, இது கெட்டது என்று நான் சொல்லவில்லை. அங்கே தன்னைப் பற்றி வேறு எழுதிக் கொடுக்க வேண்டும், எங்கள் பிள்ளைகளுக்கு அது இன்னொரு தலைவலி. ஆனால் இங்கே பாரம் முழுவதும் அந்த வரிசையின் மேல் இருக்கிறது. கொழும்பில், கண்டி டவுனில், அப்பாவோ மாமாவோ கெம்பஸ் போன வீட்டில், அந்த வரிசை சாப்பாட்டு மேசையில் ஒரு மாதம் பேசி எழுதப்படுகிறது. தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்தில், வளரும் பிள்ளைக்கு அது இருபது நிமிசம். அதுவும் பின்னால் ஆள் நிற்கும்போது.

'உங்களுக்குத்தான் மாவட்டக் கோட்டா இருக்கே' என்று உடனே சிலர் கேட்பார்கள். இருக்கிறது. கைந்நூலில் போட்டிருக்கும் கணக்குப்படி பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் சனத்தொகைப்படி மாவட்டங்களுக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி அந்தப் பதினாறுக்குள் வருகின்றன. கண்டி, மாத்தளை, கேகாலை வராது. புசல்லாவைப் பக்கத்துத் தோட்டம் கண்டி மாவட்டம். அதே ரோட்டில் மேலே ஏறி இறம்பொடைக்கு வந்தால் நுவரெலியா மாவட்டம். அதே லயம், அதே கொழுந்து, அதே தகரக் கூரை. ஒரு பிள்ளை பின்தங்கிய மாவட்டம், மற்றது இல்லை. நுவரெலியாவுக்குள்ளும் கோட்டா மாவட்டத்துக்குத்தானே தவிர லயத்துக்கு இல்லை. டவுனில் டியூஷனுக்கு டியூஷன் போகிற பிள்ளையும், டயகமவில் இருந்து முதல் பஸ்ஸைப் பிடிக்கிற பிள்ளையும் ஒரே வரிசையில்தான் நிற்கின்றன. அதனால் கோட்டா கிடைத்த கையோடு விருப்ப வரிசையையும் பிழையாகப் போட்டால், இருப்பதையும் நாமே கொட்டிவிடுகிறோம்.

ஈமெயில் கதை தனி. பெரும்பாலான பிள்ளைகளுக்கு விண்ணப்பத்துக்காகவே முதல் ஈமெயில் திறக்கப்படுகிறது, அதுவும் கடைக்காரர் கையால். பாஸ்வேர்ட் கடை நோட்டுப் புத்தகத்தில். போன வருசம் ஒரு பையன் என்னிடம் வந்து, "மிஸ், மெயில் வந்திருக்கானு பாக்கணும், கடை பூட்டிக் கிடக்கு" என்றான். தன் எதிர்காலத்துக்குள் நுழையும் சாவி அடுத்தவன் மேசை லாச்சியில்.

முகவரியும் அப்படித்தான். லயத்துக்கு இலக்கம் கிடையாது, வீதிக்குப் பேர் கிடையாது. தோட்டத்தின் பேர், டிவிசனின் பேர், அவ்வளவே. கடிதம் தோட்ட ஆபீசுக்கு வந்து, அங்கிருந்து யார் கையிலாவது ஏறி, கடைசியில் மழையில் நனைந்து வீட்டுக்கு வரும், வந்தால். நேர்முகப் பரீட்சைக் கடிதம் திகதி முடிந்த பிறகு கைக்கு வந்த கதை இல்லாத தோட்டம் ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம். அந்தப் பயத்தில் டவுன் கடை விலாசத்தைப் போடுகிறார்கள். பிறகு வதிவிடச் சான்றில் ஒரு விலாசம், விண்ணப்பத்தில் இன்னொன்று. அதற்கு விளக்கம் கொடுக்க அப்பா இன்னும் ஒரு பேரை விட வேண்டும்.

ஒரே விண்ணப்பம் என்று சொல்கிறோமே, அதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. மொறட்டுவையில் கட்டடக்கலை, மட்டக்களப்பு சுவாமி விபுலானந்தர் நிறுவகத்தில் இசை, நடனம் போன்றவற்றுக்கு உளச்சார்புப் பரீட்சையோ செயன்முறைப் பரீட்சையோ உண்டு. அதற்கு அந்தந்தப் பல்கலைக்கழகத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அந்தப் பரீட்சையில் சித்தி இல்லாவிட்டால் ஆணைக்குழு விண்ணப்பத்தில் அதை முதலாவதாகப் போட்டும் பிரயோசனம் இல்லை. கொமினிகேஷன் தம்பிக்கு இது தெரிய வேண்டும் என்று நாம் எதிர்பார்க்க முடியுமா? அவன் தொழில் கொப்பி எடுப்பது.

ஆகவே என் கேள்வி அவனிடம் இல்லை, என்னைப் போன்றவர்களிடம். ஏ.எல். வகுப்பு நடத்தும் பள்ளிக்கூடங்களில் கம்ப்யூட்டர் லேப் இருக்கிறது. ரிசல்ட் வந்த கையோடு அதைப் பூட்டிச் சாவியை அலுமாரியில் வைக்கிறோம், அடுத்த தவணை திறக்கிறோம். விண்ணப்பம் போகும் அந்த சில வாரங்களுக்கு, பின்னேரம் மூன்று மணியிலிருந்து ஆறு மணிவரை லேபைத் திறந்து வைத்தால் என்ன குறைந்துவிடும்? கெம்பஸ் போன பழைய மாணவர்கள் விடுமுறைக்கு ஊருக்கு வருகிறார்கள், திருவிழாவுக்குத் தேர் வடம் பிடிக்க வருகிறார்கள். ஒரு நாள் வந்து பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னால் மாட்டேன் என்றா சொல்வார்கள்? முந்தைய வருசத்து மாவட்ட வெட்டுப்புள்ளியைப் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்ட எவ்வளவு செலவாகும்? வெட்டுப்புள்ளி வருசத்துக்கு வருசம் ஏறி இறங்கும், அதை வைத்துப் பயப்படக் கூடாது, ஓர் அறிகுறியாகப் பார்க்க வேண்டும் என்று அந்தச் சுவரடியில் நின்று சொல்ல ஒரு ஆசிரியர் போதும். நான் எங்கள் அதிபரிடம் கேட்டிருக்கிறேன். யோசிப்போம் என்றார். அவர் யோசித்து முடிப்பதற்குள் முடிவுத் திகதி வந்துவிடும் போலிருக்கிறது.

சரி, அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். பிள்ளையை இழுத்து ஸ்கிரீனுக்கு முன்னால் இருத்தினேன். "நீ சொல்லு. கிடைக்குமா கிடைக்காதானு பாக்காத. எல்லாமே கிடைக்கும்னா எத எடுப்ப?" கொஞ்ச நேரம் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, "மெடிக்கல் லேப் மிஸ். பேராதனை." பட்டியலில் அது ஒன்பதாவது இடத்தில் இருந்தது. தம்பியிடம் பஸ் கியூ கதையைச் சொன்னேன். முகம் சுழிக்காமல் கேட்டான். பிறகு அவளே கைந்நூலைப் புரட்டிக் குறியீடுகளை ஒவ்வொன்றாகச் சொல்ல, அவன் அடிக்க, வரிசை மாறிக்கொண்டே போனது. ஐம்பது நிமிசம் ஆனது. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். ஈமெயில் பாஸ்வேர்டையும் மாற்றி, அவள் கொப்பியின் பின்னட்டையில் அவள் கையாலேயே எழுதவைத்தோம்.

அவர்கள் போன பிறகு தம்பி என் வினாத்தாளை மெஷினில் வைத்தான். "இப்படித்தான் போடணும்னு உங்களுக்கு யார் தம்பி சொன்னது?" என்று கேட்டேன். முன்னால் இந்தக் கடையில் இருந்த அண்ணன் என்றான். தானும் ரெண்டு தரம் ஏ.எல். எழுதியதாகவும் சொன்னான். கொப்பி ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தது.

"போன வருசம் எத்தன பேருக்குப் போட்டீங்க?"

"ஒரு அறுபது, எழுபது பேர் இருக்கும் மிஸ்."

இரண்டு பேரும் அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை.