பேதுருவுக்குக் கரைப்பேச்சு கொடுங்கள்

தவக்காலத்துக்கு இயேசுவின் பாடுகளைப் பற்றி ஒரு படம் எடுக்கலாம் என்று நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் எந்தப் பங்கில் பேச்சு எழுந்தாலும், முதல் கூட்டத்திலேயே கேமரா, ட்ரோன், சிலுவை, சவுக்கு எல்லாம் முடிவாகிவிடும். வசனம் கடைசியாகத்தான் வரும். "பைபிளில் இருக்கிறதே, அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ளலாம்" என்பார்கள். படம் கெடுவது அந்த இடத்தில்தான் என்பது என் உறுதியான கருத்து.

மத்தேயு 26:73ஐ எடுத்துப் பாருங்கள். இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்த பேதுருவைத் தலைமைக் குருவின் முற்றத்தில் நின்றவர்கள் பிடித்தது அவருடைய பேச்சை வைத்து. கலிலேயாக்காரர் வாயைத் திறந்தாலே எருசலேமில் தெரிந்துவிட்டது. நம் படங்களிலோ பேதுரு, வேலைக்காரப் பெண், தலைமைக் குரு, பிலாத்து எல்லாரும் ஒரே பிரசங்கத் தமிழ் பேசுகிறார்கள். அதன்பிறகு ஒருவர் வந்து "உன் பேச்சே உன்னைக் காட்டிக்கொடுக்கிறது" என்றால், பார்க்கிறவருக்கு என்ன விளங்கும்? மீன் விற்க வரும் அம்மா இரண்டு வார்த்தை பேசினாலே எந்தக் கரை என்று சொல்லிவிடுகிற ஊர் இது. இந்த வசனத்தைப் படமாக்க நம்மைவிடப் பொருத்தமானவர்கள் வேறு யார்?

கரைப்பேச்சு, அதாவது கடற்கரை மீனவர் பேச்சு, என்று பொதுவாகச் சொல்லிவிடவும் முடியாது. நீரோடி, வள்ளவிளை, தூத்தூர் பக்கத்துப் பேச்சு வேறு. ஆரோக்கியபுரம், சின்னமுட்டம் பக்கத்துப் பேச்சு வேறு. பேதுரு, அந்திரேயா, யாக்கோபு, யோவான் நாலு பேரும் ஒரே ஏரியில் தொழில் செய்தவர்கள். ஒருவர் தூத்தூர் மாதிரியும் இன்னொருவர் மணக்குடி மாதிரியும் பேசினால் கரைக்காரர்கள் முதல் காட்சியிலேயே சிரித்துவிடுவார்கள். ஒரே ஊரைத் தேர்ந்தெடுத்து அந்த ஊர்க்காரர்களையே நடிக்க வையுங்கள். அவர்கள் கையில் எழுதிய வசனத்தைக் கொடுக்காதீர்கள். காட்சியின் நிலைமையை மட்டும் சொல்லி, அவர்கள் வாயில் எப்படி வருகிறதோ அப்படிப் பேசவிட்டு போனில் பதிவு செய்யுங்கள். அதைக் கேட்டு எழுதி, பிறகு வெட்டுங்கள். எழுதிக் கொடுத்தால் மேடை நாடகக் குரல்தான் வரும், அதை அப்புறம் மாற்றவே முடியாது.

மறுதலிப்புக் காட்சியில் தமிழ் நமக்கு இன்னொரு வசதியும் தருகிறது. அதுவரை படம் முழுவதும் பேதுரு "ஆண்டவரு", "அவரு" என்றே சொல்லி வரட்டும். முற்றத்தில் முதல் இரண்டு தடவை தன் பேச்சை மறைத்து டவுன்காரரைப்போல் பேசப் பார்க்கட்டும்: "நீ சொல்றது எனக்குப் புரியல." வார்த்தை சரியாக இருக்கும், இழுவை காட்டிக்கொடுத்துவிடும். பிடிபட்டதும், மூன்றாவது தடவை, சபித்துச் சத்தியம் செய்யும்போது கரைப்பேச்சு முழுதாக வெளியே வரட்டும்: "நீங்க சொல்லுத அந்த ஆளை எனக்கு அறிஞ்சூடா!" (கரைப்பேச்சில் "அறிஞ்சூடா" என்றால் தெரியாது, "அறியாம்" என்றால் தெரியும்.) "அவரு" போய் "அந்த ஆளு" ஆகிவிட்டது. மாற்கு 14:71-இலும் இயேசுவின் பெயர் பேதுரு வாயில் வருவதில்லை, "அந்த மனிதன்" என்றுதான் வருகிறது. தமிழில் மரியாதைச் சொல் உதிர்கிற அந்த ஒரு கணம் போதும், பின்னணி இசையே வேண்டாம்.

சரி, இயேசு எப்படிப் பேசுவது? அவரும் கலிலேயாக்காரர்தான். ஆனால் மக்கள் சின்ன வயதிலிருந்து மனப்பாடமாக வைத்திருக்கும் சொற்கள் உண்டு: அப்பத்தையும் கிண்ணத்தையும் எடுத்துச் சொன்னவை, கர்த்தர் கற்பித்த செபம், சிலுவையில் சொன்னவை. இவற்றில் கை வைக்கக் கூடாது. மற்ற இடங்களில், சீடரோடு வழி நடக்கும்போது, படகில் இருக்கும்போது, எளிய பேச்சுத் தமிழ் போதும்.

மனப்பாடம் என்றால் எந்த மொழிபெயர்ப்பு என்ற கேள்வி வரும். நம் மாவட்டத்தில் இதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஒரே தெருவில் ஒரு கத்தோலிக்க வீட்டில் 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு இருக்கும், அடுத்த புராட்டஸ்டண்ட் வீட்டில் பழைய மொழிபெயர்ப்பு இருக்கும். யோவான் 19:30-இல் பழையதில் "முடிந்தது", புதியதில் "எல்லாம் நிறைவேறிற்று". கிரேக்கத்தில் அது ஒரே சொல். மூச்சு அடங்கப்போகும் மனிதனின் வாய்க்கு ஒற்றைச் சொல்தான் பொருந்தும். ஆனால் "முடிந்தது" என்பதைச் சோர்ந்த குரலில் சொன்னால் தோற்றுப்போனதாகக் கேட்கும். அந்தச் சொல்லின் பொருள் "நிறைவேறிற்று" என்பதால், வேலையை முடித்த ஒருவர் சொல்வதுபோல நடிகர் அதைச் சொல்ல வேண்டும். யோவான் 19:26-இல் என் தேர்வு புதிய மொழிபெயர்ப்பு. பழையதில் தாயை "ஸ்திரீயே" என்று அழைப்பது இன்றைய காதுக்கு மரியாதைக் குறைவாகப் படுகிறது, மூலத்தில் அந்தத் தொனி இல்லை. "அம்மா" என்றே இருக்கட்டும். இரண்டையும் கலக்கலாமா என்றால், கலக்கலாம். ஆனால் காட்சிக்குள் கலக்காதீர்கள். எந்த வரி எதிலிருந்து வந்தது என்பதை நோட்டில் குறித்து, படப்பிடிப்புக்கு முன்பே பங்குத் தந்தையிடமும் ஒரு சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டண்ட்) போதகரிடமும் காட்டிவிடுங்கள்.

பேச்சைப் பிரித்துக் கொடுக்கும்போது ஒரு பெரிய தவறு நடக்கும். படைவீரர்களுக்கும் கள்வர்களுக்கும் ஏதாவது ஒரு சாதியின் அல்லது சேரியின் பேச்சைக் கொடுத்துவிடுவார்கள். கெட்டவன் என்றால் அப்படித்தான் பேசுவான் என்று படம் சொல்லிக் கொடுக்கிறது. அது பாவம். படைவீரர்கள் அந்நியர்கள், அவர்கள் குறைவாகப் பேசினாலே போதும். "அவனைச் சிலுவையில் அறையும்" என்று கத்தும் கூட்டத்திலும் இதே கவனம் வேண்டும். பாடுகளின் பழியை அன்றிருந்த யூதர்கள் எல்லார் மேலும், இன்றிருக்கும் யூதர்கள் மேலும் சுமத்தக் கூடாது என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவாகச் சொல்லிவிட்டது. முந்நூறு பேரைக் கூட்டி நிறுத்தி ஒரு மக்களினமே கத்துவதாகக் காட்டாமல், நாற்பது பேரைச் சின்ன முற்றத்தில் நெருக்கி நிறுத்துங்கள். அழுகிற முகங்களும் அதில் இருக்கட்டும். லூக்கா 23:27 இருக்கிறது, ஆதாரம் தேட வேண்டியதில்லை.

அடுத்து, நாலு நற்செய்தியையும் ஒன்றாகத் தைப்பது. ஏரோதின் அரண்மனை லூக்காவில் மட்டும். பிலாத்து மனைவியின் கனவு மத்தேயுவில் மட்டும். ஆடையை விட்டுவிட்டு ஓடிய இளைஞர் மாற்கில் மட்டும். சிலுவை வார்த்தைகள் ஏழில் லூக்காவுக்கு மூன்று, யோவானுக்கு மூன்று, மாற்கும் மத்தேயுவும் தருவது ஒன்று. ஏழையும் ஆறு நிமிடத்துக்குள் சொல்ல வைத்தால், உயிர் போகிறவர் சொற்பொழிவு ஆற்றுவதுபோல் ஆகிவிடும். ஒரு நற்செய்தியை முதுகெலும்பாக வைத்துக்கொள்ளுங்கள். என் தேர்வு மாற்கு, நடை வேகம், சொல் குறைவு. வெளியிலிருந்து கடன் வாங்குவதை எண்ணி வாங்குங்கள். சேவல் கூவியதும் ஆண்டவர் திரும்பிப் பேதுருவைப் பார்த்தார் என்ற லூக்கா 22:61-ஐக் கட்டாயம் வாங்குங்கள். வசனமே இல்லாத, கேமராவுக்கென்றே எழுதியது போன்ற வரி அது.

சிலுவைப் பாதையின் 14 நிலைகளில் மூன்று முறை விழுவது, தாயைச் சந்திப்பது, வெரோணிக்கா முகம் துடைப்பது, இறந்த உடலைத் தாய் மடியில் ஏந்துவது எதுவும் நற்செய்தியில் நேராக இல்லை. பக்தி மரபு தந்தவை. விட்டுவிட்டால் கத்தோலிக்கர் வருத்தப்படுவார்கள், வைத்தால் மற்றவர்கள் "எந்த அதிகாரம்?" என்று கேட்பார்கள். என் வழி எளிமையானது: மரபுக் காட்சிகளுக்கு வசனம் கிடையாது. மாதா பேச வேண்டாம், வெரோணிக்கா பேச வேண்டாம். பெரிய வெள்ளிக்குப் பாடும் பழக்கமுள்ள வயதான பெண்களின் ஒப்பாரி மட்டும் ஓடட்டும், தாளமோ கீபோர்டோ இல்லாமல். வேதத்தில் உள்ளது பேச்சாக, மரபில் உள்ளது பாட்டாக வந்தால், பார்க்கிறவருக்குச் சொல்லாமலே வித்தியாசம் புரியும். மூன்று விழுதல்களையும் காட்டாதீர்கள். ஆலயத்தில் ஒவ்வொரு நிலையிலும் முழங்காலிட்டுச் செபிக்கிறோம், அதனால் மூன்று முறை தாங்கும். திரையில் இரண்டாவது தடவையே கனம் குறைந்துவிடும். வெரோணிக்காவின் துணியில் அச்சடித்த முகம் வேண்டவே வேண்டாம். மண்ணும் இரத்தக்கறையும் போதும், அதைப் பார்க்கும் பெண்ணின் முகத்தைக் காட்டுங்கள்.

நம் மாவட்டத்து மறைசாட்சி புனித தேவசகாயம் பற்றிப் படம் எடுப்பவர்களுக்கும் இதே வழியைத்தான் சொல்வேன். 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம், 1752 ஜனவரி 14இல் காற்றாடிமலையில் மரணம், கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் என்பவை வரலாறு. முட்டிடிச்சான் பாறையில் சுரந்த தண்ணீரும், மணியடிச்சான் பாறையின் ஓசையும் மக்கள் மனதில் வாழ்பவை. வாசகப்பா என்ற கிறிஸ்தவ நாட்டுப்புற இசைநாடகம் பாடிய மரபு நமக்கு இருக்கும்போது அவற்றைக் கிராபிக்ஸில் காட்டாமல் பாட்டில் வைக்கலாம். காற்றாடிமலைக் காட்சிக்கு ஆரல்வாய்மொழிப் பக்கம் போனால் எந்தக் கோணத்திலும் காற்றாலை வந்து நிற்கும், அதையும் முன்கூட்டியே பார்த்து வையுங்கள்.

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கலிலேயாக் கடல் என்பது 21 கிலோமீட்டர் நீளமுள்ள நன்னீர் ஏரி. முட்டத்துப் பாறையில் அலை அடிக்கிற இடம் கலிலேயா ஆகாது. பேச்சிப்பாறை நீர்த்தேக்கத்தின் ஓரம் நன்றாகப் பொருந்தும், அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். 1986இல் கலிலேயா ஏரிச்சேற்றில் கிடைத்த பழைய படகு 8 மீட்டரைக் கொஞ்சம் தாண்டும் நீளம், 2.3 மீட்டர் அகலம். அந்த அளவில் மர வள்ளம் தேடுங்கள், பைபர் வள்ளம் வெயிலில் மின்னும். சிலுவை தெர்மகோலில் செய்தால் நடிகரின் தோள் பொய் சொல்லும். ஆறு இஞ்ச் சதுரத்தில் ஆறடி அயனிக் கட்டை சுமார் 25 கிலோ இருக்கும், குறுக்குக்கட்டை மட்டும் சுமக்கும் காட்சிக்கு அது போதும். தூக்கி நிறுத்தும் காட்சியில் கால் வைக்கப் பலகையும், இடுப்புத் துணிக்குள் கட்டையோடு இணைத்த பெல்ட்டும் இல்லாமல் யாரையும் ஏற்றாதீர்கள். கை விரித்துத் தொங்கினால் மூச்சு முட்டும். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை இறக்குங்கள், ஏணியோடு இரண்டு பேர் பின்னாலேயே நிற்கட்டும். ஒட்டுத்தாடி நம் ஊர் வேர்வைக்கு நிற்காது, இரண்டு மாதம் முன்பே வளர்க்கச் சொல்லுங்கள். சாட்டின் துணி வேண்டாம், காடாத் துணியைத் தேயிலைச் சாயத்தில் முக்கினால் போதும். முள்முடிக்கு உடைமுள், நுனி நறுக்கியது. சர்க்கரைப் பாகில் இரத்தம் செய்தால் எறும்பும் ஈயும் நடிகரை நிற்க விடாது.

கடைசியாக நெருப்பு. யோவான் 18:18-இல் பேதுரு குளிர்காய்வது கரிநெருப்பில். 21:9-இல் உயிர்த்த ஆண்டவர் கரையில் மீன் சுட்டு வைத்திருப்பதும் கரிநெருப்பில். இரண்டு காட்சிக்கும் ஒரே சிரட்டைக் கரியைப் பயன்படுத்துங்கள். புகை குறைவு, முகத்தில் விழும் சிவப்பு ஒரே சீராக இருக்கும். கொதும்பு (காய்ந்த தென்னம்பாளை) வைத்தால் குப்பென்று எரிந்து அணைந்துவிடும், அடுத்த ஷாட்டில் வெளிச்சம் ஒட்டாது. முற்றத்தில் கேமரா எந்த உயரத்தில் இருந்ததோ அதே உயரத்தில் கரையிலும் வையுங்கள். சூரியன் மேலே வருமுன் சுமார் இருபது நிமிடம்தான் கிடைக்கும், ஆகவே ஒத்திகையை முந்தின நாளே முடித்துவிடுங்கள். "உனக்கு என்மீது அன்பு உண்டா?" என்று மூன்றாவது முறை கேட்கும்போது பேதுருவின் பதில் 21:17-இல் "உமக்கு எல்லாம் தெரியும்" என்று தொடங்கும். மறுதலிப்பில் மத்தேயுவும் மாற்கும் எழுதிய அதே கிரேக்க வினைதான் அங்கேயும் வருகிறது. முற்றத்தில் "அறிஞ்சூடா" என்று கத்திய அதே நடிகர், அதே நெருப்பு வெளிச்சத்தில், தலையைத் தூக்காமல் மெதுவாகச் சொல்லட்டும்: "ஆண்டவரே, ஒமக்கு எல்லாம் அறியாமே."