பதினான்கு கஜத்தில் பறிபோகும் மானம்

கடந்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, கிருஷ்ணகிரியிலிருந்து வண்டியைக் கிளப்பி, சூளகிரியையும் ஓசூரையும் தாண்டி, மாநில எல்லைக்கு அப்பால் இருக்கும் ஒரு கோல்ஃப் மைதானத்துக்கு நான் போனது ஒரு பந்தை ஒரு சாண் தூரம் நகர்த்துவதற்காக அல்ல. ஆனால் சுங்கக் கட்டணமும் கட்டி, மைதானக் கட்டணமும் கட்டி, அதைத்தான் செய்துவிட்டுத் திரும்பினேன். இதை எழுதும்போதும் என் கை நடுங்குகிறது என்றால் அது முழுக்க வயதினால் அல்ல.

மூன்றாவது குழி, பார் 4; அதாவது நான்கு அடிகளில் முடிக்க வேண்டியது. முதல் அடி நேராகப் போனது. இரண்டாவது அடியில் பந்து கிரீனுக்கு, அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைக்கு, சற்று இடப்புறமாக, குழியில் நட்ட கொடியிலிருந்து பதினான்கு கஜம் தள்ளி, வெயிலில் காய்ந்து மொட்டையாகிப்போன தரையில் நின்றது. இரண்டே அடிகளில் முந்நூற்று ஐம்பது கஜத்தைக் கடந்துவிட்ட ஒரு மனிதன் மிச்சமிருக்கும் பதினான்கு கஜத்தை எத்தனை அடிகளில் கடப்பான்? ஆறு அடிகளில் கடப்பான். முதல் சிப்பில், அதாவது கிரீனுக்கு வெளியிலிருந்து கொடியை நோக்கி ஆடும் சின்ன அடியில், மட்டை பந்துக்குப் பின்னால் மண்ணில் இறங்கி நின்றுகொண்டது; பந்து ஒரு சாண் உருண்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தது. அடுத்த சிப்பில் மட்டையின் விளிம்பு பந்தின் வயிற்றில் பட்டு, அது கவணிலிருந்து விடுபட்ட கல்லைப் போலக் கிரீனைக் குறுக்கே கடந்து எதிர்ப்பக்கத்து மணற்குழிக்குள் போய் விழுந்தது. மணலில் இரண்டு அடி, கிரீனில் இரண்டு அடி. மொத்தம் எட்டு. என்னோடு ஆடியவர் என் தோளைத் தட்டி, "பரவாயில்லை, நல்ல டிரைவ்" என்று என் முதல் அடியைப் பாராட்டினார். இழவு வீட்டில் பந்தல் நன்றாக இருக்கிறது என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

நான் மாம்பழக்கூழ் தொழிற்சாலை ஒன்றில் கணக்கு பார்ப்பவன். வாங்க வருபவர்கள் அழைத்ததால் நாற்பத்து நான்கு வயதில் இந்த ஆட்டத்தில் கால் வைத்தேன். அது தனிக் கதை, இங்கே வேண்டாம். கணக்குப் பார்ப்பவன் என்பதால் கணக்காகவே சொல்கிறேன். பார் 72 என்று வகுத்திருக்கும் ஒரு மைதானத்தில், குழிக்கு இரண்டு என்ற முறையில் 36 அடிகள் கிரீனில் பட்டரால், அதாவது பந்தை உருட்டும் மட்டையால், ஆடுவதற்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகளில் ஆடும் வீரர்களே பதினெட்டு கிரீன்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைத்தான் குறித்த அடிகளுக்குள் எட்டுகிறார்கள். மீதியில் அவர்களும் சிப் செய்துதான் மானத்தைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள். அவர்கள் நிலையே இது என்றால், பாதிக் கிரீனைக்கூட எட்டாத என்னைப் போன்றவனுக்கு ஆட்டம் என்பதே அந்தக் கடைசிப் பதினைந்து, இருபது கஜம்தான். இந்த உண்மையை நான்கு ஆண்டுகளாக ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. எல்லோரும் முதல் அடிக்கான நீள மட்டையான டிரைவரைப் பற்றியே பேசினார்கள்.

சொல்லவில்லை என்றால் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தப்பாகச் சொன்னார்களே, அதுதான் ஆறவில்லை. "தூக்குங்க சார், தூக்கி விடுங்க." இந்த ஒரு வாக்கியத்தை மட்டைப் பையைத் தூக்கிவரும் கேடியும் சொன்னார், உடன் ஆடியவரும் சொன்னார், பக்கத்துக் குழியில் ஆடிக்கொண்டிருந்த முன்பின் தெரியாத ஒரு பெரிய மனிதரும் வேலை மெனக்கெட்டு வந்து சொல்லிவிட்டுப் போனார். ஐயா, என் கையில் இருப்பது 56 டிகிரி சாய்வுள்ள வெட்ஜ். தூக்குவதற்காகவே அதன் முகத்தை அப்படிச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். நான் வேறு எதற்குத் தூக்க வேண்டும்? தூக்க வேண்டும் என்று மனம் நினைத்த மாத்திரத்தில் உடல் எடை பின்காலுக்குப் போகிறது, மணிக்கட்டு முந்திக்கொண்டு மடங்குகிறது, மட்டை தன் வீச்சின் அடிமட்டத்தைப் பந்துக்கு முன்பே தொட்டுவிடுகிறது. அதற்குப் பிறகு நடப்பது இரண்டில் ஒன்று: மண்ணில் சொருகும், அல்லது மேலேறிக்கொண்டிருக்கும் விளிம்பு பந்தின் நடுவயிற்றில் படும். பந்தின் விட்டமே 42.67 மில்லிமீட்டர்தான். அதன் நடுவயிறு தரையிலிருந்து இருபத்தொரு மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. கட்டைவிரல் அகலத்துக்குள் நடந்து முடிகிற இந்த விபத்துக்கு "தூக்குங்க" என்பதா மருந்து?

இதில் எனக்கு என் மேலேயே கோபம் வருகிற இடம் ஒன்று உண்டு. நான் கில்லி ஆடி வளர்ந்தவன். குழியின் குறுக்கே வைத்து முதலில் கெந்துவது வேறு. அதன் பிறகு தரையில் கிடக்கும் கில்லியை எழுப்ப வேண்டுமானால் அதன் கூர்முனையில் கோலால் கீழ்நோக்கித் தட்ட வேண்டும். கீழே தட்டினால் மேலே எம்பும். எட்டு வயதில் கைக்குத் தெரிந்திருந்த இந்த விஷயம் நாற்பத்தெட்டு வயதில், விலை உயர்ந்த மட்டையைப் பிடித்தவுடன், எப்படி மறந்துபோனது? எடையை முன்காலில் நிறுத்தி, கைகளைப் பந்துக்குச் சற்று முன்னே வைத்து, இறங்கி வரும் மட்டையால் முதலில் பந்தையும் பிறகு தரையையும் தொட்டால், சாய்வு தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். சிப் என்பதற்கு இதைவிடப் பெரிய சூத்திரம் கிடையாது. இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். எனக்கோ நான்கு ஆண்டுகள் பிடித்தன.

அடுத்து, அந்த வெட்ஜை எனக்கு விற்ற புண்ணியவானைப் பற்றிப் பேசியாக வேண்டும். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. குளிரூட்டிய அறையில், பச்சைச் செயற்கைப் புல் விரிப்பில், நான் நான்கு பந்துகளை அடிக்கப் பார்த்துவிட்டு, "உங்கள் கைக்கு இதுதான் சார்" என்று 14 டிகிரி பவுன்ஸ் உள்ள மட்டையை எடுத்துக் கொடுத்தார். பவுன்ஸ் என்பது வெட்ஜின் அடிப்பாகம் விளிம்பைவிடக் கீழே இறங்கிப் புடைத்திருக்கும் அளவு. மணலிலும் ஈரப் புல்லிலும் மட்டை ஆழப் புதைந்துவிடாமல் வழுக்கிச் செல்வதற்காக அந்தப் புடைப்பு. அமெரிக்க வீரர் ஜீன் சாரஸன் தன் மட்டையின் அடியில் ஈயத்தைப் பற்றவைத்துக் கனமாக்கி, அந்த மணல் வெட்ஜோடு 1932-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ஓப்பனை வென்றதிலிருந்து உலகம் அறிந்த சங்கதி இது. ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் எங்கள் பக்கத்துத் தரை எப்படி இருக்கும் என்று அந்தக் கடைக்காரர் ஒரு வார்த்தை கேட்டாரா? காய்ந்து இறுகிய தரையில் அந்தப் புடைப்பு புதையாது, வழுக்காது, பட்டவுடன் எகிறும். எகிறிய மட்டையின் விளிம்பு நேராகப் பந்தின் வயிற்றுக்குத்தான் வரும். 6 டிகிரி, 8 டிகிரி என்று குறைந்த பவுன்ஸ் உள்ளதைக் கேட்டிருக்க வேண்டியவன் நான்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அப்படி ஒன்று இருப்பதே தெரியாதவன் எப்படிக் கேட்பான்? நோயாளிதான் மருந்தின் பெயரைச் சொல்ல வேண்டும் என்றால் மருத்துவர் எதற்கு?

சரி, பழகிச் சரிசெய்துகொள்ளலாம் என்று போனால், பயிற்சிக் கிரீனின் ஓரத்தில் "இங்கே சிப் செய்யக் கூடாது" என்று ஒரு பலகை. புல் கெட்டுவிடுமாம். சிப் செய்யத் தனி இடம் எங்கே என்று கேட்டால், அது பராமரிப்பில் இருக்கிறது என்றார்கள். சென்ற தீபாவளிக்கும் பராமரிப்பில் இருந்தது, வருகிற தீபாவளிக்கும் இருக்கும் போலிருக்கிறது. மாறாக, டிரைவரை வைத்து எத்தனை கூடைப் பந்து வேண்டுமானாலும் அடித்துத் தள்ளலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். வேண்டுமானால் ரப்பர் விரிப்பில் நின்று வெட்ஜைப் பழகிக்கொள்ளுங்கள் என்று தாராளமாக அனுமதித்தார்கள். ரப்பர் விரிப்பைப் போல ஆளை ஏமாற்றும் பொருள் வேறொன்று இல்லை. பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் மட்டை விழுந்தாலும் விரிப்பு அதை வழுக்கவிட்டுப் பந்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். சத்தமும் நன்றாக இருக்கும், பந்தும் எழும்பும், நாமும் பெரிய ஆள் என்று நினைத்துக்கொள்வோம். உண்மையான மண் அந்த இரண்டு அங்குலத்தை மன்னிக்காது. மூன்று மாதம் விரிப்பில் பழகிவிட்டு மைதானத்தில் இறங்கியபோது எனக்குக் கிடைத்தது அந்த மன்னிப்பின்மைதான்.

ஆகவே, காவேரிப்பட்டணம் பக்கத்தில் இருக்கும் எங்கள் மாந்தோப்பை நாடினேன். செந்தூராவுக்கும் பெங்களூராவுக்கும் நடுவே இருபது கஜ இடைவெளியில் தரையைப் பெருக்கி, பந்துக்கு அரைச் சாண் பின்னால் ஒரு சாக்கை மடித்துப் போட்டேன். மட்டை முன்கூட்டியே இறங்கினால் சாக்கில் சிக்கும், பொய் சொல்ல முடியாது. பந்து விழ வேண்டிய இடத்தில் ஒரு பழைய முறத்தைக் கவிழ்த்து வைத்தேன். குழியைப் பார்த்து அடிக்காதே, பந்து விழும் இடத்தைப் பார்த்து அடி என்பது சிப்பின் பாதி ரகசியம். முதல் நாள் முப்பது பந்தில் பத்தொன்பது சாக்கில் சிக்கின. தோப்பைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போட்டபடி முழுவதையும் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, மண்ணை வெட்டணும்னா மம்முட்டி எடுத்துத் தரட்டுங்களா?" என்று கேட்டார். கேலி செய்கிறாரா, உண்மையிலேயே உதவுகிறாரா என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அந்தத் தோப்பில்தான் பன்னிரண்டு என்னும் கணக்கு எனக்கு வாய்த்தது. பன்னிரண்டிலிருந்து மட்டையின் எண்ணைக் கழித்தால் கிடைப்பது, பந்து காற்றில் போகும் ஒரு பங்குக்குத் தரையில் எத்தனை பங்கு உருளும் என்பது. எட்டாம் எண் மட்டை என்றால் ஒரு பங்கு பறந்து நான்கு பங்கு உருளும். எண் இல்லாத பிட்சிங் வெட்ஜைப் பத்து என்று வைத்துக்கொண்டால் ஒன்றுக்கு இரண்டு. சமதளமான, நடுத்தர வேகமுள்ள கிரீனுக்கு இது ஏறத்தாழப் பொருந்துகிறது. கணக்கன் ஒருவனிடம் இதை முதல் நாளே சொல்லியிருந்தால் எவ்வளவு பணம் மிச்சமாகியிருக்கும்! எந்நேரமும் 56 டிகிரியைத் தூக்கிக்கொண்டு அலையாமல், எட்டாம் எண்ணை எடுத்து, குதிகால் பக்கம் சற்று எழும்ப நிமிர்த்திப் பிடித்து, பட்டரை ஆட்டுவது போல மணிக்கட்டை மடக்காமல் ஆடினால், காய்ந்த தரைகூட ஒன்றும் செய்வதில்லை.

இப்படி ஆடுவது கோழைத்தனம் என்று என் நண்பர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பால் ரன்யன் என்று ஓர் அமெரிக்க வீரர் இருந்தார். உருவத்தில் சிறியவர், தூரம் அடிக்க வராதவர். யார் எத்தனை குழிகளை வென்றார் என்று எண்ணும் 1938-ஆம் ஆண்டு பிஜிஏ சாம்பியன்ஷிப் இறுதியாட்டத்தில், அவரைவிடப் பல கஜம் முன்னால் அடித்துக்கொண்டே போன சாம் ஸ்னீடை, இன்னும் ஏழு குழிகள் மீதமிருக்கும்போதே எட்டுக் குழி முன்னிலையில் வீட்டுக்கு அனுப்பினார். அவருடைய ஆயுதம் இப்படிப்பட்ட சின்ன அடிகள்தான். கிரீனுக்கு வெளியிலிருந்தே பட்டரால் உருட்டுவதற்கு அமெரிக்காவில் டெக்சாஸ் வெட்ஜ் என்று பெயரே வைத்திருக்கிறார்கள். அங்கும் தரை இறுகிக் கிடப்பதால் வந்த பெயர். அங்கே அது சாமர்த்தியம். கிருஷ்ணகிரிக்காரன் செய்தால் மட்டும் கோழைத்தனமா?

இத்தனையும் தெரிந்த பிறகும் கடந்த ஞாயிறு எட்டு அடித்தேன் என்பதுதான் என் வயிற்றெரிச்சல். தோப்பில் இப்போது முப்பதில் இருபத்து நான்கு முறம் மீது விழுகின்றன. ஆனால் நான்கு பேர் பார்க்க, கொடிக்கு அப்பால் மணற்குழி வாயைத் திறந்து நிற்க, பின்னால் யாரோ ஒருவர் "ரிலாக்ஸ் சார்" என்று சொன்ன அந்த நொடியில், என் கை எட்டாம் எண்ணை விட்டுவிட்டு அதே பழைய 56 டிகிரியைப் பையிலிருந்து உருவியது. பின்னிழுப்பு நீளம், முன்வீச்சில் பாதியில் தயக்கம். தயங்கிய மட்டை மண்ணைத்தான் தேடும். "ரிலாக்ஸ்" என்று சொல்லி எவராவது தளர்ந்ததை யாராவது பார்த்திருக்கிறீர்களா? பிரசவ வார்டில்கூட அந்தச் சொல் பலித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அன்று மாலையே அந்த வெட்ஜைத் தோப்பில் கொண்டுபோய்க் கிணற்றடிச் சுவரில் சாய்த்துவிட்டு, எப்படியாவது போகட்டும் என்று வந்துவிட்டேன். நேற்றுப் போனபோது பெரியவர் அதை வைத்து வாய்க்கால் மடையில் சேறு ஒதுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மட்டையைத் திருப்பி, அதன் அடிப்புடைப்பைக் கட்டைவிரலால் தடவிக் காட்டினார்.

"இது ஈர மண்ணுலதான் தம்பி நல்லா வழுக்கிட்டு வருது. காஞ்ச மண்ணுல போட்டா எகிறுதுங்க."