குழந்தையிடம் கேட்காதீர்கள்

ஒரு தனியார் பள்ளியிலிருந்து பெற்றோருக்கு வந்த அந்த வாய்ஸ் மெசேஜை இதற்குள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். "ஆர்டிஇ-யில் சும்மாதானே படிக்க வைக்கிறோம், நோட்டுக்கும் யூனிபார்முக்கும்கூடவா காசு தர மாட்டீங்க?" கேட்டதிலிருந்து மனசே ஆறவில்லை.

சும்மா யாரும் படிக்க வைக்கவில்லை. ஆர்டிஇ என்கிற கல்வி உரிமைச் சட்டம் 2010-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடம் நலிந்த பிரிவுக் குழந்தைகளுக்கு. 2012-ல் உச்ச நீதிமன்றமே இது செல்லும் என்றது. கட்டணத்தை அரசு ஈடுகட்டும். புத்தகம், நோட்டு, சீருடை எல்லாம் இலவசம் என்று மத்திய அரசின் மாதிரி விதிகளிலேயே இருக்கிறது.

"அரசு ஒழுங்காகப் பணம் தருவதில்லையே, டீச்சருக்குச் சம்பளம் எப்படிக் கொடுப்பது?" உண்மைதான். சின்னப் பள்ளிகள் திண்டாடுவது எனக்கும் தெரியும். அரசிடம் கேளுங்கள், வழக்குப் போடுங்கள். குழந்தையிடம் கேட்காதீர்கள்.

எங்கள் தெருவில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அக்கா, 2025 ஜூனில் தோட்டை அடகு வைத்து மகளை எல்கேஜியில் சேர்த்தார். வழக்கமாகக் கோடையில் தொடங்கும் ஆர்டிஇ விண்ணப்பம் அந்த வருஷம் அக்டோபரில்தான் தொடங்கியது. அதுவும் ஏற்கனவே பள்ளியில் சேர்ந்துவிட்ட பிள்ளைகளிலிருந்துதான் தேர்வு. அக்கா மகளுக்கு இடம் கிடைத்தது. கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனபோது நானும் கூடப் போனேன். கவுன்டரில் ரசீதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ஃபீஸ் இல்லைங்க, இதர கட்டணம்" என்றார்கள். அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. கோபத்தைப் பிள்ளையிடம் காட்டிவிடுவார்களோ என்ற பயம். எனக்குத்தான் கை நடுங்கியது.

ஜூனில் அடகு வைக்கத் தோடுகூட இல்லாத வீட்டுப் பிள்ளைகள் என்ன ஆனார்கள்? அவர்கள் அந்தத் தேர்வுப் பட்டியலிலேயே இல்லை.

"அரசுப் பள்ளியில் சேர்க்க வேண்டியதுதானே" என்று கீழே எழுத வருபவர்களே, முதலில் உங்கள் பிள்ளை எங்கே படிக்கிறது என்று எழுதிவிட்டு வாருங்கள். தனியாருக்குக் கொடுக்கும் பணத்தில் அரசுப் பள்ளியை மேம்படுத்தலாமே என்றால், அது நியாயமான கேள்வி. நானும் அந்தக் கட்சிதான். அதற்காக இன்று உள்ளே இருக்கும் குழந்தையை அவமானப்படுத்தலாமா?

பணம் ஏன் வரவில்லை என்றும் பேசுவோம். தேசிய கல்விக் கொள்கையை ஏற்கச் சொல்லும் பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்று, பள்ளிக் கல்விக்கு மத்திய அரசு தரும் சமக்ர சிக்ஷா நிதியில் 2024-25-க்கான 2,152 கோடியை டெல்லி நிறுத்தி வைத்தது. டெல்லி தரவில்லை என்று சென்னை கைவிரித்தது. சண்டை போட்டுக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. எல்கேஜி பிள்ளைக்குத் தேசிய கல்விக் கொள்கை தெரியுமா? கல்விக்கு நாட்டு வருமானத்தில் ஆறு சதவீதம் ஒதுக்கச் சொன்னது 1966-ல் வந்த கோத்தாரி குழு அறிக்கை. இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை. அந்தப் பாக்கியை இஸ்திரி வண்டியிலா வசூலிப்பது?

இப்படிப் பணம் கட்டியவர்கள் ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். நகல் எடுத்து மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலருக்கு மனு கொடுங்கள். எழுதத் தெரியவில்லை என்றால் இன்பாக்ஸில் வாருங்கள், நான் எழுதித் தருகிறேன். அக்காவின் மனுவை நாளைக்குக் கொடுக்கிறோம்.